தூங்காத ராஜாவின் தாலாட்டு

‘தூங்காத ராஜா’ மறுபடியும் மேடை ஏறப்போகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஏறாது. முகநூலில் எத்தனையோ பேர் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார்கள், "எங்க சின்ன வயசு நாடகம், எப்ப வருது?" என்று. வராததற்குக் காரணம் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதை எழுத எனக்குத் தெம்பு வரும்.

என் பெயர் பரமேஸ்வரி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கிளார்க் என்று சேர்ந்தேன். ஆறே மாதத்தில் சாவிக்கொத்து, திரை, மைக், கல்யாண நாற்காலி என்று எல்லாம் என் தலையில் விழுந்தன. கல்யாணக்காரர்களோடு சண்டை போட்டுப் போட்டு என் வாய் நீண்டதும் அங்கேதான்.

அந்த மண்டபத்தில்தான் ஞானசேகரன் மாஸ்டர் ஒத்திகை பார்த்தார். பகலில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் நாடகம். குழந்தைகளுக்காக அவரே கதை எழுதி, அவரே மெட்டுப் போட்ட நாடகம்தான் ‘தூங்காத ராஜா’. ஒரு ராஜாவின் தூக்கத்தை ஒரு பூதகி திருடிச் செம்பில் அடைத்து வைத்துவிடுகிறாள். குயவர் வீட்டுப் பெண் சின்னி மலையேறிப் போய் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி அரண்மனைக்கு அழைத்து வருகிறாள். கடைசியில் பூதகியே ராஜாவைத் தூங்க வைத்து ஒரு தாலாட்டுப் பாடுவாள். அப்போது மேடையில் அவளும் ராஜாவும் மட்டும்தான் இருப்பார்கள். விளக்கைப் பாதியாகக் குறைத்துவிடுவோம். காப்பார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரியில் வந்த பிள்ளைகள், காலையிலிருந்து ஆட்டம் போட்ட பிள்ளைகள், அந்தப் பாட்டில் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டுச் சாய்வார்கள். முன்வரிசையில் முதல் கொட்டாவி வந்ததும் மாஸ்டர் ஓரத்திரைக்குப் பின்னால் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கைதட்டலெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை.

மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் நான் ‘பரமேஸ்வரி’. தப்புச் செய்தால் ‘பரமேஸ்வரி அம்மா’. ‘பரமேஸ்வரி அம்மையார் அவர்களே’ என்று வந்துவிட்டால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள், நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர் வேலை மாறிப் பினாங்குக்குப் போய்விட்டார். மாஸ்டர் சாவியோடு நின்ற என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சத்தமில்லாமப் பேச வருமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து, வரும் என்றேன். அவர் விட்டுப்போன ஸ்டூலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன்.

மாஸ்டருக்கு ஒரு சூடு பட்ட கதை உண்டு. அவருடைய முதல் நாடகத்தை யாரோ பிரதி எடுத்துக்கொண்டு போய், இவருக்கு முன்பே வேறு ஊரில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து முழு நாடகத்தை அவர் யாருக்கும் தந்ததில்லை. நடிகருக்கு அவரவர் வசனம் மட்டும், பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதிக் கொடுப்பார். பாட்டு அதுவும் கிடையாது. வாய்ப்பாடம்தான், வெளியில் பாட மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொள்வார். டேப் ரெக்கார்டரோடு வருகிறவர்களிடம் வாசலிலேயே அதை வாங்கி வைக்கச் சொல்லுவார். பிறகு ஹேண்ட்போன் காலம் வந்தபோது அதற்கு ஒரு கூடை வைத்தோம். பாட்டு உட்பட முழு நாடகம் இருந்தது ஒரே ஓர் இடத்தில். நீல அட்டை போட்ட கெட்டிப் புத்தகம். அது எடுத்துக்கொடுப்பவரிடம், அதாவது என்னிடம், இருந்தது.

வேலை இப்படி. இடது ஓரத்திரைக்குப் பின்னால் குட்டை ஸ்டூல். சின்ன பல்புக்கு நீலத் தாள் சுற்றியிருக்கும். மடியில் புத்தகம். ஒவ்வொரு வசனத்தின் முதல் வார்த்தையையும் மாஸ்டர் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருப்பார். நடிகர் நின்றுவிட்டால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்க வேண்டும். "ரெண்டாவது வார்த்தை குடுத்தா அவரை நொண்டி ஆக்கிட்டீங்கன்னு அர்த்தம்" என்பார். நான் மற்றதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் அட்டையும் வெட்டிக் கொடுத்தார். பக்கத்தின் மேல் வைத்தால் முதல் வார்த்தைகள் மட்டும் தெரியும், மிச்சமெல்லாம் மறைந்துவிடும்.

"முழுசும் படிச்சா என்ன மாஸ்டர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"படிச்சா நாடகம் பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. உங்க வேலை நடிகரைப் பாக்குறது."

நடிகரை எங்கே பார்ப்பது? முகத்தில் இல்லை. முகம் நடித்துக்கொண்டிருக்கும். ராஜாவாக வந்த சிவலிங்கம் கிள்ளான் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலைக்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன். வசனம் மறந்தால் அவன் கால் கட்டைவிரல் மேலே தூக்கும். பூதகியாக வந்த ருக்மணிக்கு இடது கை வளையலுக்குப் போகும். விரல் தூக்கினால் எடுத்துக் கொடு, தூக்காவிட்டால் வாயை மூடு. இதுதான் நான் கற்ற பாடம். பாட்டு வந்தால் எனக்கு வேலையில்லை, பாட்டுக்கு எடுத்துக்கொடுக்கும் வழக்கமே கிடையாது. தாலாட்டு ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பின்கட்டுக்குப் போய் பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக் குடிப்பேன். இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான்.

கிள்ளானில் நடந்த ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வாரம் சிவலிங்கத்தின் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். ஐந்தாம் நாள் காட்சி. வர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், வந்துவிட்டான். முதல் காட்சியில் மந்திரி வந்து, அரண்மனையில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லுவார். ராஜா கேட்க வேண்டும்: ‘தம்பியுமா தூங்குகிறான்?’

ராஜா கேட்கவில்லை. நின்றான். சிவப்பு வட்டத்தில் ‘தம்பியுமா’ என்று இருக்கிறது. என் நாக்கு நுனியில் இருக்கிறது. நான் அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் தரையிலேயே அழுந்திக் கிடந்தது. அவன் மறக்கவில்லை. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள், பின்னால் யாரோ இருமினார்கள். எதிர் ஓரத்திரையில் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமோ, சிவலிங்கம் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

காட்சி முடிந்து முகப்பூச்சோடு என்னிடம் வந்தான். "பரமேசுக்கா, அந்த வார்த்தைய மட்டும் நீங்க குடுத்திருந்தா நான் அங்கயே உக்காந்து அழுதிருப்பேன்லா."

அன்றைக்கு எனக்குத் தலைக்கனம் ஏறியது. எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டர்கூட ஒரு கிராம்பை எடுத்து என் கையில் வைத்தார். சும்மா இருந்ததற்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மாஸ்டர் போனது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சமையல்கட்டில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ பேசியது காதில் விழுந்தது. "இனிமே சிவாதான் குழுவப் பாக்கணும். புத்தகத்த அவன்கிட்ட குடுத்துடலாம். அவன் மக சின்னப் பொண்ணு, கண்ணு நல்லாத் தெரியும், எடுத்துக் குடுக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷம் ஒரு ஸ்டூலில் முதுகு வளைந்தவள் சமையல்கட்டில் நிற்கிறேன், என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை. அந்த நேரம் மாஸ்டரின் மனைவி வந்து, "அவர் கூட வைக்கிறது ஏதாச்சும் இருந்தா வைங்க பரமேசு" என்றார். கிராம்பு டப்பாவை யாரோ வைத்தார்கள். நான் பையிலிருந்த நீலப் புத்தகத்தை எடுத்து, அவர் மேல் போர்த்தியிருந்த சால்வைக்கு அடியில் சொருகினேன். ஒருவரும் பார்க்கவில்லை. செராஸ் மின்சுடலையில் அவரோடு அதுவும் போனது.

மரியாதைக்குச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் ஸ்டூலில் இன்னொருத்தி உட்காரக் கூடாது என்பதற்காகச் செய்தேன். பிறகு சிவலிங்கம் கேட்டபோது, "பத்திரமா இருக்கு" என்றேன். அவனும் வற்புறுத்தவில்லை. குழு தானாகவே கலைந்தது.

பதினோரு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. போன தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் யாழினி வந்தாள். ஷா ஆலமில் நான் இருக்கும் பிளாட்டுக்கு, கையில் ஒரு பெட்டி முறுக்கோடு. செராஸில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இசை ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது.

"ஆன்டி, நாங்க ‘தூங்காத ராஜா’ போடப்போறோம். எங்க ஸ்கூல் பிள்ளைங்கதான் நடிக்கிறாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் ஹால்லயே தேதி கிடைச்சிருச்சு, அடுத்த வருஷம் ஜூன் ஸ்கூல் ஹாலிடேக்கு. புத்தகம் உங்ககிட்டதான் இருக்குன்னு சிவலிங்கம் அங்கிள் சொன்னாரு."

"நீ பாத்திருக்கியா அந்த நாடகத்த?"

"ஆறு வயசுல. ஆனா தாலாட்டுல தூங்கிட்டேன் ஆன்டி, அப்பாதான் தூக்கிட்டுப் போனாரு. பாட்டு எப்படி முடியும்னே எனக்குத் தெரியாது. பாத்தவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். அத்தனை பேரும் தூங்கியிருக்காங்க!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு உண்மை தொண்டை வரை வந்தது. வாய் சொன்னது வேறு. "எங்கயோ பெட்டியில கட்டி வச்சிருக்கேன். தேடி எடுத்துத் தரேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள், "கிள்ளான்ல ருக்மணி ஆன்டி இருக்காங்களாமே, போய்ப் பாத்துப் பாட்டு கத்துக்கட்டுமா?"

"எதுக்கு வயசானவங்களப் போட்டுத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? புத்தகத்துல எல்லாம் இருக்கு."

ருக்மணியிடம் போனால் பேச்சு புத்தகத்தில் வந்து நிற்கும். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

அன்று மாலையே கீழே கடையில் மூன்று நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அத்தனை வருஷம் மடியில் கிடந்ததை எழுத முடியாதா என்ன என்று நினைத்தேன். எழுதினேன். ‘மந்திரியே’. ‘எல்லோரும்’. ‘தம்பியுமா’. ‘செம்பில்’. முதல் வார்த்தைகள் ஒன்று விடாமல் வந்தன, காட்சி வாரியாக, வரிசை பிசகாமல். அதற்குப் பிறகு, கிள்ளானில் விட்டுப்போன அந்த ஒரு வரியைத் தவிர, ஒன்றும் வரவில்லை. அட்டை மறைத்த இடமெல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தது. எந்த இடத்தில் சிவலிங்கம் மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் ருக்மணியின் கை வளையலுக்குப் போகும் என்பதெல்லாம் தெரிகிறது. என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. ஒரு வாரம் நாற்காலியை விட்டு எழவில்லை. சோற்றை மறந்தேன், மருந்தை மறந்தேன். தாலாட்டுக்கு முதல் வார்த்தைகூடக் கிடையாது. அப்போது நான் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன்.

தை பிறப்பதற்கு முன் ருக்மணி இறந்துவிட்டாள். காலையில் பாசார் போய் வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் சோபாவில் சாய்ந்தவள் எழவில்லையாம். கிள்ளானுக்குப் போனேன். வெட்கத்தை விட்டு அவள் மகளிடம் மெல்லக் கேட்டேன், அம்மா வீட்டில் அந்தத் தாலாட்டைப் பாடுவாளா என்று.

"பாட மாட்டாங்க ஆன்டி. மாஸ்டருக்குச் சத்தியம் பண்ணிட்டாங்களாம். என் பிள்ளைங்களுக்குக்கூட சினிமாப் பாட்டுதான் பாடித் தூங்க வச்சாங்க" என்றாள் அவள். யாழினியும் வந்திருந்தாள். கண் சிவந்து நின்றாள். "பரவால்ல ஆன்டி, புத்தகமாச்சும் இருக்கே" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கு மேலும் இரண்டு மாதம் இழுத்தடித்தேன். மூட்டு வலி என்றேன், பெட்டி மகன் வீட்டில் இருக்கிறது என்றேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வைத்துவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. எட்டுப் பத்துப் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சிவலிங்கம் காப்பாரிலிருந்து கிராப் டாக்சி எடுத்து வந்துவிட்டான். தலை முழுக்க நரை. தன் காலண்டர் தாள்களை லேமினேட் செய்து வைத்திருக்கிறான், பைத்தியக்காரன்.

"அக்கா, பாட்டு எனக்கு ரெண்டு வரி கூட வராதுலா" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். "நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வருவேனா, அந்த இடத்துல ராஜா நிஜமாவே தூங்கிடுவான். என் குறட்டைக்கு ஜனங்க சிரிக்கும், ஞாபகம் இருக்கா?"

சின்னியாக நடித்தவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மந்திரியாக நடித்தவர் இப்போது இல்லை. அந்த வசனத்தைப் புத்தகத்திலிருந்து யாழினி படிப்பதாக ஏற்பாடு. சிவலிங்கம் ஆரம்பித்தான். குரல் அப்படியே இருந்தது. "மந்திரியே! இந்த அரண்மனையில் என்னைத் தவிர வேறு யார் விழித்திருக்கிறார்கள்?" பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் நிறுத்தினான். இப்போது மந்திரி பேச வேண்டும்.

யாழினி என்னிடம் கை நீட்டினாள். நான் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் திறந்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம். ஓரத்தில் ஒற்றை ஒற்றை வார்த்தையாக ஒரு பத்தி, மிச்சமெல்லாம் வெற்றுத்தாள்.

"இது என்ன ஆன்டி?"

சிவலிங்கம் தலையைத் திருப்பி, பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்தான். "எடுத்துக் குடுங்கக்கா" என்றான்.

"எரிச்சிட்டேன்" என்றேன். "மாஸ்டரோட வச்சு எரிச்சிட்டேன். எங்கிட்ட புத்தகம் இல்ல."

ஏன் எரித்தேன் என்பதையும் சொன்னேன், அவன் மகள் பேச்சு வந்தது உட்பட. சிவலிங்கம் தன் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான், அடுக்கியதையே திரும்ப அடுக்கினான். "எம் மக அப்பவே மாட்டேன்னு சொல்லிட்டாக்கா. அவளுக்கு நாடகமே புடிக்காது" என்றான். அவன் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

யாழினி அழவில்லை. நிதானமாகக் கணக்குப் போட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. "நான் மொதல் நாள் உங்க வீட்டுக்கு வந்தப்ப ருக்மணி ஆன்டி உயிரோட இருந்தாங்க."

"இருந்தா."

"நான் போறேன்னு சொன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

"ஆமா."

"நீங்களாச்சும் அவங்ககிட்ட கேட்டீங்களா? ஒரு தடவையாச்சும்?"

"கேக்கல" என்றேன்.

அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் மண்டபத்துக்குப் போன் செய்தாள். "போஸ், அந்தத் தேதிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றது கேட்டது. புதிதாக ஒரு தாலாட்டு எழுதிக்கொள்ளலாமே என்று சிவலிங்கம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான். "எனக்கு அந்தப் பாட்டுதான் அங்கிள் வேணும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டைப் பிரித்துப் பங்கு போட ஆரம்பித்தாள். என்னிடம் அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

‘கேக்கல’ என்று நான் சொன்னது பொய்யில்லை. நான் கேட்கவில்லை. ஆனால் அங்கே அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வராத ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாழினி படித்தால் படிக்கட்டும்.

ருக்மணி சாவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்குப் போன் செய்தாள். பொழுது போகாமல் செய்தாள் என்றுதான் நினைத்தேன்.

"பரமேசு, பசியாறிட்டியா? யாரோ டீச்சர் பொண்ணு நம்ம நாடகத்தப் போடுதாமே, சிவா சொன்னான். எனக்கு அந்தத் தாலாட்டு ஒரு வரி விடாம இன்னும் ஞாபகம் இருக்கு, தெரியுமா? மாஸ்டரே போயிட்டாரு, இனிமே என்ன சத்தியம்? நீ புத்தகத்தத் தொறந்து வச்சுக்க. நான் பாடறேன், சரியா வருதான்னு பாத்துச் சொல்லு."

தொண்டையைச் செருமினாள். ஆரம்பிக்கப்போகிறாள் என்று தெரிந்தது. திறந்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? எனக்கு முன்னால் மேஜையில் வெற்று நோட்டும் பேனாவும் கிடந்தன.

"வேணாம்லா ருக்கு" என்றேன். "எதுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு? எல்லாம் புத்தகத்துல இருக்கு."

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டாள்.